வாளடியில் கிடக்கும் நம் கூலி

(மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டத் தொழிலாளர்களின் கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றியும் வேலை நாளைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் தலைவர் பேசிவிட்டார். எனக்குத் தந்த தலைப்பு, மரக்காலையில் கழிந்துபோகும் மரத்தை என்ன செய்யலாம் என்பது. "வாத்தியார் தூளைப் பற்றியா பேசப்போகிறார்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. ஆம், தூளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தத் தூளில் விறகு இருக்கிறது, உரம் இருக்கிறது, நோயும் இருக்கிறது. நம்முடைய கூலியும் அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க வேண்டும்.

எவ்வளவு கழிகிறது?

மரக்காலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மரக்குற்றி வாளுக்குப் போகும்போது முதலில் நாலு பக்கமும் பட்டையோடு ஒரு பலகை விழும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. அதைப் பட்டைப்பலகை என்று வைத்துக்கொள்வோம். பிறகு பலகையின் ஓரத்தை நேராக்கும்போது நீளநீளமான ஓரத்துண்டுகள் விழும். நுனியை வெட்டும்போது கட்டைத் துண்டுகள். வாள் போன வழியெல்லாம் தூள். இழைக்கும் இயந்திரம் இருந்தால் சுருள் சுருளாகச் சீவலும் சேரும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்றை உங்களுக்கும் தருகிறேன். ஓர் அங்குலப் பலகை என்றால் 25 மில்லிமீற்றர். தடித்த வட்டவாள் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் மரத்தைத் தின்னும். ஐந்து பலகை அறுத்தால் 25 மில்லிமீற்றர் போய்விட்டது. அதாவது, ஐந்து பலகைக்கு ஒரு பலகை தூளாகக் கீழே விழுந்துவிட்டது. பட்டைப்பலகையையும் ஓரத்துண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வளைந்த மரமும் பழைய வாளும் உள்ள சிறிய மரக்காலையில் உள்ளே போன மரத்தில் பாதியளவுதான் பலகையாக வெளியே வரும். மற்றப் பாதிக்குத்தான் நாம் "கழிவு" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தப் பாதியையும் வெட்டியது நம் ஆட்கள்தான். தூக்கியது, வாளுக்குத் தள்ளியது, கூட்டி அள்ளியது எல்லாம் நம் ஆட்கள்தான்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்?

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் பிறப்பதற்கு முந்திய கதை. ஆனால் இந்த மாவட்டத்தில் யார் வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் அந்தக் கதை ஒருமுறை காதில் விழும். மட்டக்களப்பு மாவட்டத்தில் அப்போது 28,000 ஏக்கர் தென்னை இருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அந்த ஒரு சூறாவளியில் அழிந்தது. அதற்குப் பிறகு நட்ட கன்றுகள்தான் இன்று நாம் தேங்காய் பறிக்கும் மரங்களில் பெரும்பகுதி.

அந்த மரங்களுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டுகிறது. அறுபது வயதானால் தென்னையை மறுநடுகைக்கு எடுக்கச் சொல்வது வழமை. ஆகவே வருகிற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கரையில் கிழட்டுத் தென்னைகள் வரிசையாக வாளுக்குப் போகும். தென்னந்தண்டின் வெளிவட்டம் வயிரம், கைமரத்துக்கு ஆகும். நடுத்தண்டு மெத்தென்றது, அதைப் பலகையென்று யாரும் வாங்க மாட்டார்கள். இன்று மரக்காலையில் கிடக்கும் கழிவு, நாளைக்கு இன்னும் பெருகப்போகிறது. அது மலையாகக் குவிந்த பிறகு பேசுவதைவிட இப்போதே பேசி வைப்பது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை பட்டைப்பலகையை வீட்டுக்கு எடுத்துப்போனால் யாரும் கேட்கவில்லை. இப்போது சில இடங்களில் அதே பட்டைப்பலகையைச் செங்கல் சூளைக்கும் பேக்கரிப் போறணைக்கும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். "இனிமேல் எடுக்க வேண்டாம்" என்று நம் பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் விலை வரும் வரை நம்முடையதாக இருந்த ஒன்று, விலை வந்த அன்றைக்கு நம் கையை விட்டுப் போகிறது. அதைக் கவனிக்க வேண்டும்.

இறப்பர் மரம் சொல்லும் பாடம்

இது புதிய கதை அல்ல. இறப்பர்த் தோட்டங்களில் பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் பார்த்தார்கள். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கும் சூளைக்கும் அது போனது. வெட்டிச் சில நாளில் பூசணம் பிடிக்கும், பூச்சி துளைக்கும் என்பதால் தச்சு வேலைக்கு ஆகாத மரம் என்று ஒதுக்கினார்கள். பிறகு, அறுத்தவுடன் போரன் கலந்த நீரை ஊட்டி, சூளையில் உலர்த்தினால் நல்ல பலகையாகும் என்று கண்டுகொண்டார்கள். 1980களிலிருந்து மலேசியாவின் தளபாட ஏற்றுமதி அந்த மரத்தில்தான் வளர்ந்தது. இலங்கையிலும் அது கதிரையாக, மேசையாக, விளையாட்டுப் பொருளாக வெளிநாட்டுக்குப் போகிறது.

மரம் மாறவில்லை. ஒதுக்கிய மரத்தைப் பதப்படுத்தும் வேலை ஒன்று நடுவில் வந்தது, அதனால் விலை வந்தது. ஆனால் அந்த மரத்தைக் கீறிக் கீறிப் பாலெடுத்து வளர்த்த தொழிலாளிக்குப் புதிய விலையில் பங்கு தானாக வந்து சேரவில்லை. பங்கு என்பது கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கினால்தான் வரும்.

நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம் உண்டு. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் முக்கிய மூலப்பொருள் வைக்கோல். சூடடித்த பிறகு வயலில் கிடந்த வைக்கோல் கொப்பியாகி, இந்த நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போனது. அந்த ஆலை பின்னாளில் நலிந்து நெடுங்காலம் மூடிக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கழிவென்று கிடந்தது இந்த மண்ணில் தொழிலாகி, பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரக்காலைத் தூளை என்ன செய்யலாம் என்று கேட்டால் பத்து வழி சொல்லலாம். ஆனால் அந்தப் பத்துக்கும் ஒரு முதல் வேலை இருக்கிறது. அது பிரித்து வைப்பது.

முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் கொப்புளமும் வரும். அதைக் கோழிக்கூட்டில் போட முடியாது. தேக்கு, வேம்பு போன்றவற்றின் தூளில் காளான் சரியாக வளராது. அந்த மரங்கள் பூசணத்தை எதிர்க்கும் மரங்கள், காளானும் பூசண இனம்தான். மா, இறப்பர், இலவம் போன்ற மென்மையான மரத்தூள் காளானுக்கு நல்லது. மருந்து ஊட்டிய மரத்தையும் ஒட்டுப்பலகைத் துண்டையும் சமையலறை அடுப்பில் எரிக்கவே கூடாது, அந்தப் புகை நஞ்சு. அதன் சாம்பலையும் தோட்டத்தில் போடக் கூடாது. ஈரமான தூள் புகையும், காய்ந்த தூள் எரியும்.

இவையெல்லாம் ஒரே குவியலில் கலந்து கிடந்தால் எதற்கும் ஆகாது. மூன்று மூலையில் மூன்று குவியலாக, கூரைக்குக் கீழே, எந்த மரம் என்று ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. இதற்கு இயந்திரம் வேண்டாம், கடன் வேண்டாம். வாள் அறுக்கும்போதே, எந்த மரம் போகிறது என்று தெரிந்த ஆள் பிரித்து அள்ள வேண்டும். அந்த ஆள் யார்? மரக்காலைத் தொழிலாளி. கழிவைப் பொருளாக மாற்றும் முதல் கை அவருடையது. நம் உரிமைக் கோரிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுப்படிக்கு

2022இல் எரிவாயு வரிசையில் நின்றது நினைவிருக்கும். ஏப்ரல் மாதத்தில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. நம்மில் பலருக்கு அந்த வரிசை புதிதல்ல, ஏனென்றால் நாம் எப்போதும் விறகுதான். விறகுக்காக நம் பெண்கள் நடக்கும் நடையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. படுவான்கரைப் பக்கம் விறகுக்குப் போகிறவர்களுக்கு யானைப் பயமும் சேர்ந்துகொள்கிறது.

தூள் அடுப்பைப் பழைய ஆட்கள் அறிவார்கள். தெரியாதவர்களுக்குச் செய்முறையைச் சொல்கிறேன். ஒரு பழைய தகரம், வண்ணப்பூச்சுத் தகரமாக இருந்தால் நன்றாகச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அடியில் பக்கவாட்டில் ஒரு கை நுழையும் அளவு துளை. தகரத்தின் நடுவில் நேராக ஒரு போத்தலையோ உருளைத் தடியையோ நிறுத்துங்கள். பக்கத் துளைவழியாக இன்னொரு தடியை நுழைத்து, நடுத்தடியின் அடியைத் தொடச் செய்யுங்கள். காய்ந்த தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு இறுக்கி இடியுங்கள். நிரம்பியதும் இரண்டு தடியையும் மெல்லத் திருகி உருவுங்கள். உள்ளே காற்றுப் போக ஒரு வழி கிடைத்துவிட்டது. கீழ்த்துளையில் சிராயைப் பற்றவைத்தால் நடுக்குழி சிவந்து, ஒரே சீராகச் சில மணிநேரம் எரியும். பருப்பு, கிழங்கு, நெல் அவிக்க இதைப் போல வசதியில்லை, ஊதிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்க வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கை. தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எரியும் அடுப்பில் மேலே தூளைக் கொட்டக் கூடாது, குபீரென்று தீ பாயும். எரிந்து முடியாத அடுப்பை இரவில் மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. கனலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வீட்டுக்குள் நிறையும் அடுப்புப் புகையால் உலகம் முழுவதும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. லயத்து அறையில் ஜன்னலில்லாத குசினியில் சமைக்கும் தாய்மாருக்கு இந்தக் கணக்கைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டத் தேவையில்லை, அவர்களுடைய இருமலே சொல்லும். பட்டைப்பலகையானாலும் தூளானாலும், புகைபோக்கி கேட்கும் நம் கோரிக்கையை அதற்காகக் கைவிடக் கூடாது.

கோழியும் தென்னையும்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வழி இது. செலவு குறைவு, பலன் இரண்டு தரம்.

இங்கே பலர் தூளை நேரே தென்னை அடியில் கொட்டுகிறார்கள். அது நல்லதில்லை. மரத்தூளில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தூளை உண்ணத் தொடங்கும்போது தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது பயிர் பட்டினி கிடக்கும், இலை மஞ்சளாகும். உரம் போட்டதாக நினைப்போம், நடப்பது உரம் பறிப்பு.

அதே தூளை முதலில் கோழிக்கூட்டின் தரையில் இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். முதிரை இல்லாத, மருந்து ஊட்டாத, காய்ந்த தூள் அல்லது சீவல். அது ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தைக் குறைக்கும், குஞ்சுகளின் கால் நோகாது. அவ்வப்போது கிளறி, நனைந்த இடத்தை மாத்திரம் அள்ளி மாற்றினால் போதும். ஒரு தொகுதிக் கோழி முடிந்து அள்ளும்போது அந்தத் தூளில் எச்சத்தின் நைதரசன் ஏறியிருக்கும். அதைக் கிளிசரியா இலையோடும் மாட்டுச் சாணத்தோடும் அடுக்கி, நனைத்து, மூடி, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் சில மாதத்தில் நல்ல கூட்டெரு. நம் மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நிற்காது. கூட்டெரு அந்த நீரைப் பிடித்து வைக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது கூட்டெருவுக்கு எல்லோரும் எப்படி அலைந்தார்கள் என்று பார்த்தோம். அன்று அலைந்தும் கிடைக்காத பொருள் நம் மரக்காலை மூலையில் கிடந்தது.

தென்னந்தோட்டத்தில் இருக்கிற நமக்கு இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு மக்கும் மரத்தூளிலும் சாணக் குவியலிலும் விழுந்து அழுகும் தென்னந்தண்டிலும்தான் முட்டையிடும். வெண்மையான தடித்த புழு அங்கேதான் வளரும். குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியது போல இருந்தால், வண்டு பக்கத்தில் எங்கோ பிறந்திருக்கிறது என்று பொருள். தோட்ட எல்லையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் தூள் மலை, வண்டுக்கு நாம் கட்டிக்கொடுத்த பிரசவ அறை. புரட்டும் குவியலில் புழு வெளியே வரும், பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். புரட்டாத குவியலில் அது வண்டாகிப் பறக்கும். மறுநடுகையில் கழியும் தென்னையின் நடுத்தண்டையும் இப்படி அழுக விடாமல், பிளந்து காயவைத்து விறகாக்கிவிட வேண்டும்.

காளான், பலகைத் துண்டு, பெரிய அடுப்புகள்

சிப்பிக் காளானுக்கு நம் நாட்டில் பழகிய கலவை இதுதான்: தூள் 10 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றமா அல்லது சோயாமா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். தண்ணீர் சேர்த்துப் பிசைந்து கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. பையில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியதும் வித்தை இட்டு, இருட்டறையில் வெண்பூசணம் பரவும் வரை வைப்பார்கள். கிடுகுக் கொட்டிலில் தரையை ஈரமாக வைத்திருந்தால் நம் வெயிலிலும் வளரும். கடற்கரைப் பக்கம் வரட்சி மாதங்களில் வெப்பம் கூடிப்போனால் விளைச்சல் குறையும். அதனால் முதலில் சிறிதாக, மழைக்காலத்தை ஒட்டித் தொடங்குவது புத்தி. விவசாயத் திணைக்களம் இதற்குப் பயிற்சி கொடுக்கிறது. பயிற்சி இல்லாமல் கடன் எடுத்துப் பெரிய கொட்டில் கட்ட வேண்டாம் என்று மாதர் அணிக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டைப்பலகையையும் துண்டையும் எரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். நீளமானது வேலிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் ஆகும். குட்டையானது மண்வெட்டிப் பிடி, தேங்காய் திருவும் பலகை, குந்துமணை, மரக்கறிப் பெட்டி, தேனீப் பெட்டி ஆகும். தென்னை பூத்துக்கொண்டே இருக்கும் தோட்டத்தில் தேனீக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஊரில் வேலை குறைந்த ஓடாவிமார் இருக்கிறார்கள், பாடசாலை விட்ட பின் வேலையில்லாமல் நிற்கும் நம் பையன்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒரு கொட்டிலுக்குள் சேர்த்துவிட்டால் அதுவே தொழிற்பயிற்சி. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கட்டை வாங்க எங்கள் பாடசாலைக்குக் காசில்லை. ஒரு சாக்குத் துண்டு மரமும் ஒரு மட்டத்தாளும் தந்தால் நானே செய்துகொள்வேன்.

பெரிய நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கிலோ தேயிலையை உலர்த்த ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் கிளிசரியா போன்ற மரங்களை எரித்து மின்சாரம் எடுக்கிறது. தூளை அழுத்திக் கட்டையாக்கும் இயந்திரங்களும் நாட்டில் இருக்கின்றன. ஆகவே சந்தை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் தூளுக்குப் பாரம் குறைவு, இடம் அதிகம். ஒரு லொறி தூளை மலைக்கு ஏற்றினால் டீசல் காசே ஆதாயத்தைத் தின்றுவிடும். சிறிய மரக்காலையின் கழிவுக்கு நல்ல சந்தை மாட்டுவண்டி போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. நம் அடுப்பு, நம் கோழி, நம் தென்னை, பக்கத்துப் போறணை. இது நமக்குச் சாதகம், நாம்தான் மிக அருகிலுள்ள வாங்குநர்.

வாவியில் கொட்டாதே

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரையை நிரப்புகிறோம் என்று தூளை வாவி ஓரத்தில் கொட்டும் பழக்கம் நிற்க வேண்டும். மட்டக்களப்பு வாவி ஆறு போல எந்த நேரமும் ஓடும் நீர் அல்ல. முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். தூள் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைக் குடிக்கும். கண்ணாக்காட்டின் மூச்சுவேர்களை மூடும். மீன் குஞ்சும் இறாலும் வளரும் தொட்டில் அந்த வேர்களுக்கு நடுவில்தான். தோட்டத்தில் வேலையில்லாத நாளில் நம்மில் எத்தனை பேர் வலையோடு தோணி ஏறுகிறோம்? நம் சோற்றுச் சட்டியில் நாமே தூளைக் கொட்டலாமா? மரக்காலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஊருக்கு உண்டு. திறந்தவெளியில் மலையாக எரிப்பதும் தீர்வல்ல, அந்தப் புகை பாடசாலைக்குள்தான் வருகிறது.

மூச்சு முதலில், ஆதாயம் பிறகு

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய். அதற்கு முன்பே இருமல், இளைப்பு, கண்ணெரிவு வந்துவிடும். தூளைப் பொருளாக்குகிறோம் என்று நம் தங்கைகளை முகக்கவசமில்லாமல் தூளுக்குள் இறக்கினால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரத்துக்கு மறைப்புப் போடவும், வேலைத்தலத்தில் கிளம்பும் தூசியை அகற்றவும் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் கை போனால், விரல் போனால் நட்டஈடு தரச் சொல்கிறது. சிறிய மரக்காலைதானே என்று இந்தச் சட்டங்கள் வாசலில் நின்றுவிடுவதில்லை. தூளைப் பெருக்கும்போது வாளை நிறுத்த வேண்டும். நனைத்துக் கூட்ட வேண்டும். முகக்கவசமும் கையுறையும் வேலை தருபவர் தர வேண்டும். பிள்ளைகளைத் தூள் அள்ள அனுப்பக் கூடாது. ஆசிரியராக இதை மன்றாடிக் கேட்கிறேன்.

பங்கு யாருக்கு?

"மரம் முதலாளியுடையது, கழிவும் முதலாளியுடையதுதானே" என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் மரம் யாருடையது என்று நான் வாதாட வரவில்லை. நான் சொல்வது வேலையைப் பற்றி. குவியலாகக் கலந்து கிடக்கும் கழிவுக்கு விலை இல்லை, அகற்றுவதற்குத்தான் செலவு உண்டு. பிரித்து, காயவைத்து, சாக்கில் கட்டிய கழிவுக்கு விலை உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது உழைப்பு. உழைப்பு இருக்குமிடத்தில் கூலி இருக்க வேண்டும். அந்த வேலையை வேலை நேரத்துக்குப் பிறகு, சம்பளமில்லாமல், "விறகு எடுத்துப்போகிறீர்கள்தானே" என்று சொல்லிச் செய்ய வைத்தால் அது பங்கு அல்ல, சுரண்டல்.

முதலாளிக்கும் இதில் நட்டமில்லை. இடம் ஒழியும், தீப்பயம் குறையும், சுற்றாடல் அதிகாரி வந்தால் பயப்படத் தேவையில்லை. அதனால் இதைச் சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை. பேச்சுவார்த்தையாகத் தொடங்கலாம். ஆனால் வாய்ப்பேச்சு போதாது. வாயால் தந்த சலுகையை வாயாலேயே திரும்ப எடுத்துவிடலாம். எழுதி வாங்கியதை எடுக்க வேண்டுமென்றால் மறுபடியும் நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆகவே கிளையின் முன் ஐந்து தீர்மானங்களை வைக்கிறேன். விவாதித்து, திருத்தி, ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்று. மரக்காலையில் ஒரு மாதம் கொப்பி வைப்போம். எந்த மரம், எத்தனை சாக்குத் தூள், எத்தனை கட்டுப் பட்டைப்பலகை, எங்கே போனது என்று அன்றன்றைக்கு எழுதுவோம். கணக்கில்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால் வெறும் வாயோடு போவது போலத்தான்.

இரண்டு. பிரித்தல், காயவைத்தல், கட்டுதல் ஆகியவை வேலை நேரத்துக்குள் வரும் வேலை என்று எழுத்தில் கேட்போம். மேலதிக நேரமானால் மேலதிகக் கொடுப்பனவு.

மூன்று. ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் மாதந்தோறும் குறித்த அளவு விறகும் தூளும் இலவசமாக. அதற்கு மேலுள்ளதை விற்பதானால், பேசித் தீர்த்த விலையில் முதல் வாங்கும் உரிமை தொழிலாளர்களின் கூட்டுறவுக்கு.

நான்கு. மறைப்பு, முகக்கவசம், தூசி அகற்றல் ஆகியவை இல்லாமல் புதிய வேலை எதுவும் தொடங்கக் கூடாது. வாவியில் கொட்டுவதும் திறந்தவெளியில் எரிப்பதும் உடனே நிற்க வேண்டும்.

ஐந்து. கோழி, கூட்டெரு வேலைகளின் கணக்கு மாதர் அணியின் பெயரில், மாதர் அணியின் கையில் இருக்க வேண்டும். விறகு சுமந்தது அவர்கள். பணப்பையையும் அவர்களே வைத்திருக்கட்டும்.

தோழர்களே, இவற்றால் நாம் பணக்காரராகிவிடப் போவதில்லை. நாட்சம்பளம் ஏற வேண்டுமென்ற போராட்டத்துக்கு இது மாற்று அல்ல. "தூள் தந்தோம்தானே, சம்பளம் எதற்கு" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தூளை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு தாய்க்கு வாரத்தில் இரண்டு நாள் காட்டுக்குப் போகும் நடை மிச்சமானால், பத்துத் தென்னைக்கு உரச் செலவு குறைந்தால், ஒரு பையன் கையில் உளி பிடிக்கப் பழகினால், அது சங்கம் இருப்பதன் அடையாளம். பழைய தென்னைகள் வாளுக்கு வரும் நாள் நெருங்குகிறது. அதற்கு முன் இந்த ஐந்தும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

கொப்பியும் பேனையும் கொண்டுவந்திருக்கிறேன். முதல் மாதக் கணக்கை எழுத மரக்காலையிலிருந்து இரண்டு பேர், மாதர் அணியிலிருந்து இரண்டு பேர் வேண்டும். எழுத்து வராது என்று யாரும் ஒதுங்க வேண்டாம், கோடு போட்டு எண்ணத் தெரிந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் முன்னே வந்து பெயரைத் தாருங்கள்.